தேதி அண்ணனின் கை

காலை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் அண்ணனின் முழுக்கைச் சட்டையை எடுத்து நைட்டியின் மேலேயே மாட்டிக்கொள்வாள். இடது கைப் பட்டனை மட்டும் போடுவாள். மற்ற பட்டன்கள் எப்படித் தொங்கினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்? அப்புறம் பதினான்கு வாட்சுகள் இருக்கும் பெட்டியைத் திறந்து, எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்து, அன்றைக்கு எதன் முறையோ அதை எடுத்து மணி சரிசெய்து கட்டுவாள். வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டினாலும் அது வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போகப் பார்க்கும். அதற்காக அடியில் பழைய பனியன் துணியை நாலாக மடித்துச் செருகுவாள். அவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய வித்தை இல்லை. ஜவுளிக்கடையின் ஆல்டரேஷன் பிரிவில் பத்தொன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு, பெரிய உடம்புக்குத் தைத்ததைச் சின்ன உடம்பில் உட்கார வைப்பது.

ஜன்னலோரம் போய், விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, ஒரு போட்டோ. கீழே 'காலை வணக்கம் மக்களே' என்று ஒரு வரி. அண்ணன் அப்படித்தான் எழுதுவார். அண்ணன் போய் முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் ஆரம்பிக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின், மேஜை மேல் கிடந்த அவர் போன் மட்டும் விடாமல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். 'மணிக்கட்டு' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப், நாற்பத்து மூன்று பேர். 'அண்ணே எங்க போனீங்க?' 'ரெண்டு நாளா ஆளையே காணோமே.' 'தேதி அண்ணன் இல்லாம குரூப்பே தூங்கி வழியுது.' விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். 'வணக்கம்' என்று எழுதினாள், அழித்தாள். அவர் கடைசியாகக் கட்டியிருந்த வாட்ச் பக்கத்தில் கிடந்தது. சும்மா கட்டிப் பார்த்தாள், சும்மா ஒரு போட்டோ எடுத்தாள், விரல் என்ன நினைத்ததோ அனுப்பிவிட்டது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் இருபத்தாறு பேர். 'அண்ணே வந்துட்டாரு!' 'எங்க போய்த் தொலைஞ்சீங்க, பயந்தே போய்ட்டோம்.' ஐம்பத்து நாலு வயதில் அவள் ஓர் இடத்துக்கு வந்ததற்காக இருபத்தாறு பேர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டால் அன்றோடு அது போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றே முப்பத்தைந்து நாள் ஓடிவிட்டது.

பதினாறு வருஷம் அவளும் அண்ணனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அப்பா அம்மா போனபின் வாடகையைப் பாதியாக்கலாம் என்று சேர்ந்து இருந்தார்கள், அவ்வளவுதான். அவர் பெயிண்ட் கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். 'சாப்பாடு ரெடியா', 'கேஸ் வந்துச்சா', 'கதவைச் சாத்திக்கோ' என்று ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அது பெரிய விஷயம். அந்த மனுஷன் குரூப்பில் என்ன வாயடி அடித்திருக்கிறார்! ஏழு வருஷத்துப் பேச்சையும் அவள் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து படித்தாள். யார் புதிதாக வந்து எந்த வாட்ச் வாங்கலாம் என்று கேட்டாலும் அண்ணன்தான் முந்திக்கொள்வார். 'பட்ஜெட்டச் சொல்லு, கூச்சப்படாத. ஐந்நூறுக்கும் நல்ல வாட்ச் இருக்கு, அஞ்சு லட்சத்துக்கும் தண்ட வாட்ச் இருக்கு.' அவரிடம் இருந்த பதினான்கில் பன்னிரண்டு, ஒரு நல்ல சட்டை விலைக்குள் அடங்கிவிடும். ஒன்று செகண்ட் ஹேண்ட். ஒன்றே ஒன்று நாலு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அதை வாங்கிய அன்றைக்கு குரூப்பில் முந்நூறு மெசேஜ். வீட்டில் அவளிடம், "ரசம் கொஞ்சம் சூடு பண்ணு" என்றார்.

குரூப்பில் ஒரு கண் டாக்டர் இருந்தார். அவர் கையில் வாட்ச் என்ற பெயரில் ஒரு வீடே உட்கார்ந்திருக்கும். மாமனார் போட்ட வாட்சைத் தவிர வேறெதையும் கட்டப் பயப்படுகிற ஒரு மாப்பிள்ளை இருந்தார். ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அவர் நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் வாட்சோடு வந்து சேர்ந்தபோது டாக்டர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அண்ணன் விடவில்லை. 'ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு அந்த வாட்ச்தான் டாக்டர் சரி. உங்களோடதக் கட்டிக்கிட்டு கியர் போட்டா பத்து நாள்ல பல்லக் காட்டிடும்.' அன்றிலிருந்து டிரைவர் அண்ணனின் ஆள்.

படிக்கப் படிக்க அவள் இன்னொன்றையும் தேடினாள். தங்கச்சி என்று எங்கேயாவது ஒரு வார்த்தை வருகிறதா என்று. வரவில்லை. ஆம்பளைகள் வாட்ச் பேசுகிற இடத்தில் தங்கச்சிக்கு என்ன வேலை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்கு மாட்டிக்கொண்டது ஒரு சின்ன விஷயத்தில். நேற்றோடு முடிந்தது முப்பது நாள் மாதம். சாவி வாட்சுக்கு அதெல்லாம் தெரியாது, ஒன்றாம் தேதியன்று முப்பத்தொன்று என்று காட்டிக்கொண்டு நிற்கும். ஆள்தான் திருப்பிவிட வேண்டும். குட்டை மாதம் முடிந்த மறுநாள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, 'தேதியைத் திருப்புங்கப்பா' என்று விரட்டுவது அண்ணனின் வேலை. அந்தப் பெயரே அதனால் வந்ததுதான். அவள் மணியைச் சரிசெய்தாள், தேதியை விட்டுவிட்டாள். போட்டோ போன அடுத்த நொடி குரூப் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 'தேதி அண்ணனுக்கே தேதி தப்பிடுச்சு!' 'கல்வெட்டுல பொறிச்சு வைங்கய்யா.' அவள் அசட்டுச் சிரிப்புப் பொம்மை ஒன்றை அனுப்பித் தப்பித்துக்கொண்டாள்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டார். அவள் எப்போதும்போல எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்து ஓய்ந்து, பிறகு குரல் பதிவு வந்தது. பின்னால் பஸ் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒரு மாசமா பாக்கறேன், கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறீங்க. வார் கடைசி ஓட்டைல நிக்குது. கை பாதியாயிடுச்சு. இன்னைக்குத் தேதிய வேற விட்டுட்டீங்க. உடம்புக்கு என்னமோன்னு எனக்குத் தெரியுது. ஞாயித்துக்கிழமை லீவு, நான் வரேன். நீங்க வேண்டாம்பீங்க, தெரியும். ஆனா வீட்ல யாருண்ணே இருக்கா பாத்துக்க? நீங்கதானே சொன்னீங்க, சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சுக் குடுக்கக்கூட ஆளில்லடா தம்பின்னு."

அவள் அதை மறுபடி போட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பட்டன் என்றுதான் சொல்கிறார்.

"அட பாவி மனுஷா" என்றாள், காலி வீட்டில் சத்தமாக.

போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஏழு பட்டன், இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. ஒன்பதும் அவள் தைத்தது. கடையில் தைத்து வரும் பட்டன் பத்துத் துவைப்பில் போய்விடும் என்று புதுச் சட்டை வந்தாலே எல்லாவற்றையும் பிரித்து, பட்டனின் அடியில் நூல் சுற்றி, அவளே திரும்பத் தைப்பாள். பதினாறு வருஷத்துச் சட்டைகள். ஒரு தடவையாவது அந்த மனுஷன் பட்டனைத் தொட்டுப் பார்த்திருப்பாரா? தொடாமல் எப்படிப் போட்டிருப்பார்! ஆத்திரத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. செத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை. போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே!" என்றது அந்தப் பக்கம், உயிர் வந்த மாதிரி.

"அவருக்குப் பட்டன் தைக்க ஆள் இருந்துச்சு" என்றாள்.

"ஹலோ? யாருங்க?"

"பதினாறு வருஷமா நான்தான் தைச்சேன். நான் அவர் தங்கச்சி. கூடப் பொறந்தவ. இதே வீட்லதான் இருக்கேன்."

"தங்கச்சியா? அண்ணன் சொல்லவே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "அண்ணன் எங்கக்கா?"

"இல்ல. போயிட்டாரு. முப்பத்தெட்டு நாளாச்சு."

இன்ஜின் நின்றது. யாரோ என்னவோ கேட்க, "போப்பா அந்தாண்ட" என்று அவர் அதட்டுவது கேட்டது.

"அப்ப தினமும் வந்த கை..."

"என் கை."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "நீங்களே சொல்லிடுங்க. அவங்கல்லாம் அழணும்ல."

"சொல்லிட்டா அப்புறம் காலைல..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது. சரி என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்த பிறகு ஆத்திரம் கொஞ்சம் தணிந்தது. தணிந்த இடத்தில் வேறொன்று வந்து குத்தியது. கடைக்குப் புதிதாக வந்த காஜா எடுக்கிற பெண் ஒருநாள், "வீட்ல யாரெல்லாம்க்கா?" என்று கேட்டபோது அவள் என்ன சொன்னாள்? "யாருமில்லம்மா, ஒரு அண்ணன்." யாருமில்லை என்பதுதான் முதலில் வந்தது. அண்ணன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு அந்தப் பின்பாதி வராமல் போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டரைக்கு எழுதினாள். 'இது அவர் கை இல்லை. அவர் போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை. இத்தனை நாள் போட்டோ அனுப்பியது நான், தங்கை. மன்னித்துக்கொள்ளுங்கள்.' அனுப்பிவிட்டு, திட்டு வரும் என்று போனைக் கவிழ்த்து வைத்துக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது திட்டு ஒன்றுகூட இல்லை. டாக்டர்தான் முதலில் தொடங்கியிருந்தார். வாட்சைக் கழற்றிவிட்டு வெறும் மணிக்கட்டை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். வாட்ச் இருந்த இடம் வெளுத்து, சுற்றிலும் வெயில் பட்ட தோல். அவர் பின்னாலேயே வரிசையாக வந்துகொண்டிருந்தன. பெரிய கை, மெலிந்த கை, ரோமக் கை, நரம்பு புடைத்த கை. ஐந்நூறு ரூபாய்க் கையும் அஞ்சு லட்சத்துக் கையும் வாட்சைக் கழற்றினால் ஒரே மாதிரிதான் வெளுத்திருந்தன. டிரைவரின் கை ஸ்டியரிங் மேல் இருந்தது. 'அண்ணே.' 'எங்களை விட்டுட்டுப் போய்ட்டீங்களேண்ணே.' 'இனி தேதி யாருண்ணே சொல்லுவா?' எல்லாம் அண்ணனுக்கு. அவளுக்கென்று ஒன்று வந்திருந்தது, 'தகவலுக்கு நன்றி சகோதரி.' அதற்குக் கீழே, இந்த நம்பரை குரூப்பிலிருந்து எடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும், அண்ணன் இருக்கிற மாதிரி இருக்கும் என்று முடிவாகியிருந்தது. அவளைக் கேட்கவில்லை. அவர்கள்மேல் தப்பு சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை.

தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. தினமும் இரண்டு நிமிஷம் கட்டிக் கழற்றிய கையில் என்ன விழும்? கடைக்கு நேரமாகிவிட்டது. துணியை மறுபடி மடித்துச் செருகி, வாட்சைக் கட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

பஸ்ஸில் நிழல் பக்கம் இரண்டு சீட் காலியாக இருந்தது. அவள் வெயில் பக்கம் போய் உட்கார்ந்து, ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு, இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

"கைய உள்ள எடும்மா" என்றார் கண்டக்டர்.

எடுத்துக்கொண்டாள். அவர் முன்பக்கம் நகர்ந்ததும் மறுபடி நீட்டினாள்.