முதல்ல யாருக்குக் காட்டுவா?

பொறாமை வந்தால் தூக்கம் போகும் என்பார்கள். நம்ம டீச்சரம்மாவுக்குத் தூக்கமெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது, போனது பேச்சு. அதுவும் ஸ்டாஃப் ரூமில். பக்கத்து வகுப்பு டீச்சர் உள்ளே வந்தால் போதும், இவளுக்கு வாய் பூட்டிக்கொள்ளும், வயிறு மட்டும் திகுதிகுவென்று எரியும். வெளியே பார்த்தால் டீ குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு ரெண்டு பிரிவு. ஒன்று டீச்சரம்மாவுடையது, பல வருஷமாக. இன்னொன்றுக்கு இந்த வருஷம் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். பெற்ற பிள்ளையைச் சொந்த வகுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு விதி. அதனால் டீச்சரம்மாவின் ஒரே மகள், வீட்டில் பாப்பா, அந்தப் புதியவளிடம் போய்ச் சேர்ந்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருஷம் வரைக்கும் பாப்பா எப்படி இருந்தாள் தெரியுமா? கட்டுரை எழுதச் சொன்னால் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வருவாள். "அம்மா, மழையைப் பத்திப் பத்து வரி." டீச்சரம்மா வெங்காயத்தை நறுக்கியபடியே பத்து வரியும் சொல்வாள், பாப்பா எழுதுவாள். அப்படி எழுதிய மழைக்குத்தான் பள்ளியில் முதல் பரிசு கிடைத்தது. கோப்பை இன்னமும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. "கப்பு யாருக்கு, உனக்கா அவளுக்கா?" என்று கணவன் கிண்டலாகக் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அடுப்படிப் பக்கம் காகிதமே வரவில்லை.

காரணம் அந்தப் புதியவள். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் சொல்லித்தர மாட்டாள். "டீச்சர், இதுக்கு அப்புறம் என்ன எழுதணும்?" என்று கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்பாள். டீச்சரம்மா அவளுக்குக் கைகட்டி என்றே பெயர் வைத்துவிட்டாள். "சம்பளத்தை வாங்கிட்டுக் கையக் கட்டிட்டு நிக்கிறதுன்னா நானும்தான் ரெடி" என்று ஓவிய டீச்சரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ஓவிய டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் டீச்சரம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

கைகட்டி என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகட்டும், அது கூடப் பரவாயில்லை. ஒரு சாயங்காலம் பாப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டு என்னமோ எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா மேசையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போனாள். பாப்பா முழங்கையை வைத்துக் காகிதத்தை மறைத்தாள்.

"இன்னும் ஆகலைம்மா."

"ஆகாததுதானே அம்மாகிட்ட கேக்கணும்? குடு, ரெண்டு வரி சேர்த்துத் தர்றேன்."

"வேணாம். நாளைக்கு ஓட்டப்பல்லுகிட்ட படிச்சுக் காட்டுவேன். அவ எங்க புரியலைன்னு சொல்லுவா."

ஓட்டப்பல்லு என்பது பாப்பாவின் பெஞ்சுக்காரி. முன்பல் ரெண்டும் விழுந்த பொடிசு. 'பள்ளிக்கூடம்' என்று எழுதினால் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிடுகிற கேஸ். இருபது வருஷமாகக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிற தாய் குத்துக்கல் மாதிரி நிற்கிறாள், பிள்ளை போய் ஓட்டப்பல்லிடம் யோசனை கேட்கிறது. டீச்சரம்மா துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"பிள்ளை தானா எழுதுறா. சந்தோஷப்படேன்" என்றான் கணவன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மூடியால் ஓங்கி மூடினாள். சந்தோஷம் தெரு முனை வரைக்கும் கேட்டது.

அவளுக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கோப்பை வேண்டாம், பரிசு வேண்டாம். பழையபடி ஒரே ஒரு தடவை பாப்பா காகிதத்தோடு வந்து, "அம்மா, நீ சொல்லு" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக ஏங்கி ஏங்கிக் கைகட்டியின் குதிகாலில் முள் குத்த வேண்டும் என்றெல்லாம் கூட ஆசைப்பட்டாள், பாவம்.

முள் குத்தவில்லை, காய்ச்சல் வந்தது. ஒரு நாள் காலையில் ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்பு வாசலில் நின்று, "பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் காய்ச்சலாம். உங்க பசங்களுக்கு இப்ப விளையாட்டுதானே? அந்த வகுப்பை ரெண்டு பீரியட் பாத்துக்கோங்க" என்றார். டீச்சரம்மா முகத்தைச் சிரமப்பட்டு வருத்தமாக வைத்துக்கொண்டு, "அச்சச்சோ, காய்ச்சலா?" என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. இன்றைக்கு அந்த வகுப்பில் கையைக் கட்ட ஆள் கிடையாது. பாப்பா தடுமாறுவாள், கையைத் தூக்குவாள், தன்னிடம்தான் கேட்டாக வேண்டும்.

உள்ளே போனாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். பாப்பாவும் மற்றவர்களோடு சேர்ந்து "வணக்கம் டீச்சர்" என்றாள். பள்ளியில் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று பழக்கியதே டீச்சரம்மாதான், ஆனாலும் அன்றைக்குக் காதில் நெருடியது.

"கட்டுரை பீரியடா? சரி. தலைப்பு நான் சொல்றேன்" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

"தலைப்பு எங்ககிட்ட இருக்கு டீச்சர்" என்றது முன்வரிசை. அவள் சாக்பீஸை எடுப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

டீச்சரம்மா காத்திருந்தாள். யாரும் கையைத் தூக்கவில்லை. ஒரு பையன் மாட்டிக்கொண்டான், பேனாவின் பின்பக்கத்தை மென்றான். அவள் ஆசையாக ஓர் அடி எடுத்து வைத்தாள். அவனோ தன் காகிதத்தை ஆரம்பத்திலிருந்து உதடு அசையப் படித்தான், அப்புறமும் வராமல் பக்கத்தில் இருந்தவனுக்குப் படித்துக் காட்டினான், பிறகு ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போனான். அவள் குட்டி போட்ட பூனை மாதிரி வரிசைக்கு வரிசை நடந்தாள். பாப்பாவின் பெஞ்சுக்கு வந்ததும் நடை தானாக நின்றது. ஓட்டப்பல்லும் பாப்பாவும் தலையோடு தலை ஒட்டிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏதாவது வேணுமா?" என்று குரலைக் குழைத்துக் கேட்டாள்.

"வேணாம் டீச்சர்" என்றாள் பாப்பா. அதே முழங்கை, அதே மறைப்பு. அப்புறம் அம்மாவின் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதலையா?" என்று கேட்டாள்.

"நானா?"

"ரூம்ல யார் இருந்தாலும் எழுதணும். எங்க டீச்சரும் எழுதுவாங்க. எழுதிட்டு அங்க உக்காந்து வாசிப்பாங்க."

ஜன்னலோரம் ஒரு குட்டை நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நல்லா இருக்கு, மோசமா இருக்கு என்று சொல்லக் கூடாது, கேள்வி கேட்கலாம், எங்கே ஒட்டவில்லை என்று சொல்லலாம். முப்பது பிள்ளைகளும் இதை ஆளுக்குக் கொஞ்சமாக அவளுக்கு விளக்கினார்கள். டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கே கட்டுரை சொல்லிக்கொடுத்தவளிடம் வந்து எழுது என்கிறார்களே! இந்தக் கைகட்டியின் பிள்ளைகளுக்குக் கட்டுரை என்றால் என்ன என்று இன்றைக்குக் காட்டிவிடுவோம் என்று காகிதத்தை எடுத்தாள். ஒரு மூச்சில் எழுதி முடித்து, நாற்காலியில் போய் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

"மரங்கள் நமக்குப் பல வகையில் உதவுகின்றன. அவை நிழல் தருகின்றன. கனி தருகின்றன. நல்ல காற்றைத் தருகின்றன..."

முடிந்ததும் நிமிர்ந்தாள். வகுப்பு மரியாதையாக உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"எந்த மரம் டீச்சர்?"

"எந்த மரமும் இல்லப்பா. பொதுவா மரம்."

"பொதுவா மரம் எங்க இருக்கு?"

கிண்டல் இல்லை, பையன் நிஜமாகவே கேட்டான். நிழல் தந்த ஒரு மரத்தையாவது சொல்லலாம் என்று டீச்சரம்மா யோசித்தால், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் இருந்தது என்ன மரம் என்று கூட நினைவில்லை. பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா தலையைக் குனிந்திருந்தாள், காது மடல் சிவந்திருந்தது. அம்மாவுக்காக வெட்கப்படுகிறாள். இத்தனை நாள் எரிச்சல் ஒரு பக்கம், அந்தச் சிவந்த காது ஒரு பக்கம். டீச்சரம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மேசைக்குத் திரும்பினாள். புதுக் காகிதம். ரெண்டு நிமிஷம் பேனா அசையவில்லை. இருபது வருஷத்தில் எத்தனையோ நூறு கட்டுரை சொல்லியிருக்கிறாள், தன்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. போகட்டும் என்று, அந்தக் கணத்தில் உள்ளே எது புழுங்கியதோ அதையே பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. அடுத்த பீரியட் மணி அடித்தது அவள் காதில் விழவில்லை. மூன்று பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனார்கள், அவள் நிமிரவில்லை. கடைசியில் எழுந்தபோது முழங்கால் மரத்துப்போயிருந்தது.

இந்தத் தடவை தொண்டையைச் செருமவில்லை.

"எங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்கா. போன வருஷம் வரைக்கும் அவளுக்கு நான்தான் எழுதிக் குடுப்பேன். வெங்காயம் நறுக்கிட்டே சொல்லுவேன், அவ எழுதுவா. இப்ப அவளே எழுதுறா. நான் பக்கத்துல போனா முழங்கைய வெச்சு மறைக்கிறா. எனக்கு அந்த முழங்கைய நகர்த்திட்டுப் பாக்கணும்போல இருக்கு. அவளுக்குச் சொல்லிக்குடுக்கிற டீச்சரைப் பாத்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது. அவளோட ஃப்ரெண்டு ஒரு சின்னப் பொண்ணு, அவளைப் பாத்தாக் கூடக் கோபமா வருது. அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை. ராத்திரி கதவுக்கு வெளிய நின்னு, பேனா சத்தம் கேக்குதான்னு கேப்பேன். ஆனாலும், என் மகள் தன் காலில் நிற்பதைக் கண்டு என் உள்ளம் மகிழ்ச்சியால் நிறைகிறது."

எந்தப் பெண் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டப்பல்லு மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தாள். டீச்சரம்மாவுக்குக் காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு கை மெல்ல எழுந்தது. பாப்பாவின் கை.

"கேளு" என்றாள் டீச்சரம்மா.

"கடைசி வரி ஒட்டலை டீச்சர்."

"ஏன்?"

"மத்ததெல்லாம் நீங்க பேசுற மாதிரி இருக்கு. கடைசி மட்டும் மரக் கட்டுரை மாதிரி இருக்கு." பாப்பா கொஞ்சம் யோசித்தாள். "அது பொய். உங்களுக்குச் சந்தோஷமே இல்ல. பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைக்கிறீங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள், பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். டீச்சரம்மா காகிதத்தைப் பார்த்தாள். ஆமாம். கட்டுரை என்றால் கடைசியில் நல்லதாக நாலு வார்த்தை வைக்க வேண்டும் என்று அவளேதான் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தாள். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய் எழுதிவிட்டது. இப்போது அவள் பெற்றது அதை எடுத்து முகத்துக்கு நேராக நீட்டுகிறது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். கண்தான் கரித்தது. இப்படிக் கேட்க யார் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தாள். பதில் தெரிந்ததும் வயிறு மறுபடி எரிந்தது.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மடியில் வைத்தபடியே அதன் கீழே எழுதினாள். எழுதியதை வாசித்தாள்.

"எனக்குச் சந்தோஷம் இல்ல. அவ முதல்ல என்கிட்ட வரணும். இன்னைக்கும் வரணும்னுதான் இந்த வகுப்புக்கே வந்தேன்."

பாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையாட்டினாள்.

"இப்ப ஒட்டுது."

டீச்சரம்மா காத்திருந்தாள். பாப்பா தன் காகிதத்தை எடுத்தாள், மார்போடு வைத்துக்கொண்டாள்.

"ஆனா நான் முதல்ல இவகிட்டதான் காட்டுவேன் டீச்சர். நீங்கன்னா உடனே எழுதிக் குடுத்துடுவீங்க. இவளுக்கு எழுதிக் குடுக்கத் தெரியாது."

ஓட்டப்பல்லு பெருமையாகச் சிரித்தாள், பல் இல்லாத இடம் தெரிய.

"அப்புறம்?" என்றாள் டீச்சரம்மா. வகுப்பு முழுக்க இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டாள். "அப்புறமாவது எனக்கு?"

"ஆனதும் உங்களுக்கு."

"எப்ப ஆகும்?"

"தெரியல" என்றாள் பாப்பா. உட்கார்ந்து, முழங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

நாற்காலிக்கு அடுத்த பிள்ளை வந்து நின்றது. டீச்சரம்மா எழுந்து இடம் விட்டாள்.