சணலில் தைத்த நாவல்

திருமுருகன் அந்தப் புத்தகத்தை நடுவில் கத்தி வைத்து அறுத்தபோது கலைமதி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாங்க இது, ஆட்டுத்தலையா? இப்டி வெட்டிக்கினு இருக்கீங்க!"

"நீ கத்தாத. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. அப்புறம் சண்டையே கெடையாது பாரு."

விழுப்புரம் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய நாவல் அது. நானூற்றெண்பது பக்கம். வாங்கி வந்த நாளிலிருந்து வீட்டில் அதற்காகத்தான் பேச்சு, அதற்காகத்தான் சண்டை. கலைமதி விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எழுத்தர். காலையில் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறினால் இறங்கும்வரை அவளுக்குப் புத்தகம் வேண்டும். திருமுருகன் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடை போடுகிறவன். மதியம் லோடு வராத நேரத்தில் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு படிக்க அவனுக்கும் அதுதான் வேண்டும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவன், எட்டாம் நாள் மண்டியிலிருந்து கத்தியும் சாக்கு ஊசியும் ஒரு முழம் சணலும் கொண்டுவந்துவிட்டான். மூட்டை வாயைத் தைக்கிற அதே தையல். இரண்டு பாதிக்கும் முதுகில் தடித்தடியாகச் சணல் ஓடியது.

கலைமதி வேகமாகப் படிக்கிறவள். முன்பாதியை முடித்து அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்பாதியை எடுத்துக்கொண்டாள். முன்னால் போகிறவர் கதையைச் சொல்லக் கூடாது என்பது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம்.

கதை நடப்பது நீலக்கரடு என்கிற சின்ன மலையூரில். ஒரு பேக்கரி, ஒரு தபாலாபீஸ், நாளுக்கு இரண்டு பஸ். செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது கோயில் வளைவில் மட்டும்தான். சாயந்தரமானால் ஊரே குடை பிடித்துக்கொண்டு அந்த வளைவில் நின்று பேசும். பஸ் ஓட்டுகிற ரங்கசாமி தினமும் பேக்கரியில் ஒரு பன் வாங்குவான். பேக்கரிக்காரி ஸ்டெல்லா அதைக் காகிதத்தில் சுற்றித் தனியாக எடுத்து வைத்திருப்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள். இடையில் ரங்கசாமிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவளிடம் சொல்ல முடியாமல் பஸ் ஓட்டிக்கொண்டே இருக்கிறான்.

செஞ்சிக் கோட்டையைத் தவிர வேறு மலை ஏறாத இரண்டு பேர், பங்குனி வெயிலில், ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அந்த ஊர் மழையைப் பேசிக்கொண்டார்கள்.

"அவன் சொல்லிடுவானாடி?"

"எனக்குத் தெரியாது."

"தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. ஒண்ணே ஒண்ணு சொல்லு, ஸ்டெல்லா அழுவாளா?"

"சோத்தத் தின்னுட்டு எழுந்துருங்க."

"நான் மட்டும் அந்த பஸ்ல கண்டக்டரா இருந்தேன்னு வச்சிக்கோ, விசில் அடிச்சி அவள வெளிய கூப்ட்டு நானே சொல்லிட்டிருப்பேன்."

"நீங்க எனக்கே ஒண்ணும் சொன்னதில்ல. எங்கப்பாவத்தான் கேட்டீங்க."

அதற்கு அவன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவள் கிளம்பும்போது அவன் கையை நீட்டினான். "முன்பாதி முடிஞ்சிட்ச்சி. எடு உன் பாதிய."

"இன்னும் நாப்பது பக்கம் இருக்குது. நாளைக்குத் தர்றேன்."

பொய். புதன்கிழமையே அவள் முடித்துவிட்டாள். கடைசி அத்தியாயத்தை இன்னொரு முறை ரயிலில் உட்கார்ந்து தனியாக ருசிக்க ஆசை. ஒரு நாள்தானே என்று நினைத்தாள்.

அன்று பதினோரு மணிக்கு, மூட்டையைத் தராசில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தவன் அந்த மூட்டைமேலேயே சாய்ந்தான். அவள் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அவன் சொந்த ஊர் கோலியனூர்ப் பக்கம். அங்கேதான் கொண்டுபோனார்கள். அந்த ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். இடுகாட்டுக்கு வரக் கூடாது. பாடையைத் தூக்கும் நேரத்தில் கலைமதி, கொழுந்தன் வல்லரசின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள். "பையில புஸ்தகம் இருக்குது. அவருகூட வச்சிடுங்க."

வல்லரசு தலையாட்டினான். சொன்னபடி வைத்தும் விட்டான்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அலுவலகப் பையைத் திறந்தபோது பின்பாதி அதிலேயே இருந்தது.

"அண்ணி, நீங்க பையின்னுதானே சொன்னீங்க?" வல்லரசு பதறினான். "அண்ணன் மண்டிக்கு எடுத்துக்கினு போற பைய தொறந்து பாத்தேன், இருந்துச்சு, வச்சேன். சணலு போட்டுத் தச்ச புஸ்தகம் உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும். அதுல பாதி உங்க பையில தனியா இருக்கும்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"அவரு படிச்சி முடிச்ச பாதிய வச்சிருக்கீங்க."

"சரி, அதையே திருப்பிப் படிக்கட்டும்" என்றவன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய் நின்றான்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனாள். அதே பாசஞ்சர், அதே ஜன்னல். மயிலம் தாண்டியதும் பழக்கத்தில் கை பைக்குள் போயிற்று. பின்பாதியை மடியில் வைத்துப் பிரித்தாள். படிக்க ஓடவில்லை. சும்மா பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இருநூற்றறுபத்தைந்தாம் பக்கத்தில், தையலோரம், சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தாள். வறுத்த மல்லாட்டையின் தோல்.

கலைமதி மல்லாட்டை தொடமாட்டாள், பித்தம். அவன் அதைக் கொறிக்காமல் ஒரு பக்கம் படிக்கமாட்டான்.

முந்நூறில் ஒன்று. முந்நூற்று நாற்பதில் இரண்டு. நானூற்றுப் பத்தில், தொட்டதும் உதிர்ந்துபோகிற மாதிரி ஒரு துணுக்கு. விடியற்காலையில் அவள் சமையலில் இருக்கும்போது பை கதவோரம் ஆணியில்தான் தொங்கும். "இன்னா சத்தத்தயே காணோம்?" என்று உள்ளிருந்து கேட்டால், "சட்டைக்குப் பட்டன் தேடறேன்" என்று பதில் வரும். எத்தனை நாள் பட்டன் தேடினான்!

ஸ்டெல்லா அழுவாளா என்று கேட்டதெல்லாம் நடிப்பு. முன்பாதி முடிந்துவிட்டது என்று கையை நீட்டியதும் நடிப்பு. கலைமதிக்குச் சிரிப்பு வந்தது, எதிர்சீட்டுப் பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்தபடியே புரட்டினாள்.

நானூற்று அறுபத்தொன்றில் ஒரு தோல் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. ஒவ்வொரு தாளாக விரித்துப் பார்த்தாள். உதறிக்கூடப் பார்த்தாள். பேரணி போயிற்று, விக்கிரவாண்டி போயிற்று. இல்லை.

பத்தொன்பது பக்கம். ரங்கசாமியின் கடைசி டிரிப் கிளம்பிவிட்டது, பேக்கரி கண்ணுக்குத் தெரிகிறது, பிரேக்கில் கால் வைக்கிறான். அங்கே நிறுத்தியிருக்கிறான் திருமுருகன். வெள்ளிக்கிழமை அவள் கொடுத்திருந்தால் பத்து மணிக்குள் முடித்திருப்பான்.

முண்டியம்பாக்கத்தில் எதிர்சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கோலியனூருக்கு டவுன் பஸ் ஏறினாள்.

"பொம்பளைங்க போற எடமா அண்ணி அது?" வல்லரசு கழனியிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றான். "யாராவது பாத்தா என்னத்தான் பேஜாரு பண்ணுவாங்க."

"பத்தொம்பது பக்கந்தான் வல்லரசு."

"இன்னா பத்தொம்பது?"

அவள் புத்தகத்தைக் காட்டினாள். அவன் அந்தச் சணலையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான். "ஜல்தி முடிச்சிடுங்க."

இடுகாட்டில் அவனை மூடிய மேட்டு மண் இன்னும் அமுங்கவில்லை. பக்கத்துக் கரும்பு வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கலைமதி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். நானூற்று அறுபத்திரண்டைப் பிரித்து, மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல வாசிக்கத் தொடங்கினாள்.

பஸ் நின்றது. ரங்கசாமி இறங்கினான். மழை. பன்னைச் சுற்றிக்கொண்டே ஸ்டெல்லா கேட்டாள், "நாளைக்கும் ஒண்ணுதானே?" அவன் சட்டைப்பையைத் தொட்டான். "ஒண்ணுதான்" என்றான். ஊருக்கே தெரிந்த மாற்றல் அவளுக்கும் தெரியும். தெரிந்தும், அவன் போன பிறகு, மறுநாளுக்கு ஒரு காகிதத்தைக் கிழித்து எடுத்து வைத்தாள்.

"ஒண்ணுதான்" என்ற வரியைக் கலைமதி இரண்டு முறை வாசித்தாள். அப்படியே கடைசிப் பக்கம்வரை போனாள். பிறகு மண்ணைக் கையால் பறித்தாள். ஒரு சாண் போனதும், பின்னால் நின்ற வல்லரசு குனிந்து, மிச்சத்தைத் தன் கையால் ஆழமாகப் பறித்தான். சணல் தையல் கீழே பார்க்கும்படி அவள் புத்தகத்தை வைத்தாள். அவன் மூடினான்.

வண்டியைக் கிளப்பாமல் அவன் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"ஏன் அண்ணி, அந்த டிரைவரு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

"அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சி? அவன் எப்ப அந்த ஊருக்கு வந்தான்?"

முன்பாதியும் மண்ணுக்குள், பின்பாதியும் மண்ணுக்குள். வேறு பிரதி எங்காவது கடையில் கிடைக்கும், நடுவில் அறுக்காதது. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"மெதுவா ஓட்டுங்க, சொல்றேன்" என்றாள். "நீலக்கரடுன்னு ஒரு ஊரு. வருஷத்துல எட்டு மாசம் மழை..."