சுவரெல்லாம் அப்பா கை

எங்கள் ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் சுவரொட்டியில் அவள் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மழை பெய்தால் முகம் கரையும், வெயில் அடித்தால் புடவை வெளுக்கும். கை மட்டும் அப்படியே இருக்கும். சுண்டு விரல் கொஞ்சம் உள்பக்கம் வளைந்த, அகலமான, பெரிய கை.

அது அவளுடைய கை இல்லை. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவள் சித்தப்பாவுக்குத் தெரியும். வெட்டி ஒட்டிய என் அப்பாவுக்கும் தெரியும், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் அச்சகக்காரி. கட்சி ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் எங்கள் அச்சகம். மத்தியான நேரத்தில் மெஷின் ஒரே தாளத்தில் ஓட ஓட, மை வாசனை தலைக்கு ஏறி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்பது என் வழக்கம். ஆகவே நான் சொல்வதில் எது நடந்தது, எது மயக்கம் என்று யாரும் என் வாயைக் கிளற வேண்டாம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் தாத்தா தலைவர், அப்பா தலைவர். கட்சிச் சின்னமான குடை போட்ட கொடி பறக்கும் காரில் வந்து இறங்குவாள். வகுப்பில் பதில் தெரிந்தால் முதலில் எழும்புவது அவள் கைதான். அது இடது கை. "அந்தக் கையை இறக்கு, ஒழுங்கான கையைத் தூக்கு" என்பார் டீச்சர். அவள் ஒழுங்கான கையைத் தேடி எடுத்துத் தூக்குவதற்குள் வேறு யாராவது பதிலைச் சொல்லிவிடுவார்கள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நொட்டாங்கை. எனக்கு அவள் வைத்தது மைடப்பா.

அவள் அப்பா ஒரு நாள் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார். இடைத்தேர்தல் வந்தது. அவளை நிறுத்துவதென்று வீட்டில் முடிவு செய்தார்கள். அவளைக் கேட்டார்களா என்றால், நல்ல கதை, எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறார்கள்?

சித்தப்பா படத்தோடு அச்சகத்துக்கு வந்தார். யார் எதைக் கேட்டாலும் "அப்புறம் பேசிக்கலாம்" என்பதால் ஊரில் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர். படத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய முகம். தோளுக்குக் கீழே படத்தில் ஒன்றும் விழவில்லை.

"கையே இல்லையேங்க. கையத் தூக்குற மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன்" என்றார் என் அப்பா.

"அது தூக்க மாட்டேங்குது. சொல்லிப் பாத்தாச்சு, பொணமாட்டம் உக்காந்திருக்கு. அண்ணன் கை இருக்கே, அத எடுத்து ஒட்டு."

"ஐயா, ஆம்பளக் கை..."

"எத்தன தேர்தல் ஜெயிச்ச கை! ஒட்டுய்யா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அப்பா பிளேடை எடுத்தார். தலைவரின் பழைய படத்திலிருந்து கையை மணிக்கட்டுக்குக் கீழே வரை வெட்டி எடுத்து, கடிகாரத்தையும் ரோமத்தையும் வெள்ளை மையால் மறைத்து, அவள் தோளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டுத் தெரியாமலிருக்க நடுவில் ஒரு குடையை வைத்தார். கொடி மாதிரி உடம்பு, அதில் பயில்வான் கை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஊர் பார்த்தால் காறித் துப்பும் என்று நினைத்தேன். ஊருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அம்மாடி, ஜனங்களுக்குத்தான் எப்பேர்ப்பட்ட கண்!

அவள் ஜெயித்தாள். முதல் கூட்டத்தில் ஒரு கிழவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் வலது கையைப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரல் நேரா இருக்கேம்மா" என்றார். அவர் முகம் வாடிப்போனதை நானே பார்த்தேன். அவள் அப்பா, மகராசன், கார்க் கதவில் விரலை மாட்டிக்கொண்டு வளைத்துக்கொண்டார், அதற்கு இவள் என்ன செய்வாள்? ஆனால் அன்றிலிருந்து கையைத் தூக்கும்போதெல்லாம் அவள் சுண்டு விரலை மடக்கத் தொடங்கினாள்.

அப்புறம் என்ன, சட்டசபை, மறுபடி சட்டசபை, மந்திரி. தண்ணீர் இலாகா. சும்மா சொல்லக்கூடாது, உழைத்தாள். மில் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் கொண்டுவர முழங்கால் சேற்றில் நின்று இன்ஜினியர்களோடு மல்லுக்கட்டினாள். தண்ணீர் வந்த அன்று நான் போயிருந்தேன். குடங்கள் வெயிலில் மினுங்கின, தெருவே தண்ணீருக்குள் இருப்பது போல் அசைந்தது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சுவரொட்டியிடம் போய் அந்தக் கையைத் தடவிப் பார்த்தார்கள். "பெரியவர் கைராசி" என்றார்கள். அவள் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றாள், புடவை ஓரம் நனைந்து. அவள் கையை யாரும் தொடவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அன்றைக்கு மத்தியானம் அச்சகத்துக்கு வந்து காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். பெரிய பதவிக்கு வந்த பிறகும் அவளுக்கு அதுதான் இடம்.

"ஒரு கனவு வருதுடி மைடப்பா. அந்தக் கை மட்டும் காலைல எந்திரிச்சுக் கூட்டத்துக்குப் போயிடுது. எல்லாரும் கைதட்டுறாங்க. நான் வீட்டுல தூங்கிட்டே இருக்கேன். அது சாயங்காலம் வந்து என் பக்கத்துல படுத்துக்குது. எனக்கு எந்திரிக்கவே தோணல."

"வெறும் வயித்தோட படுத்தா அப்படித்தான்" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கும் அந்தக் கை கனவில் வந்தது. ஊரின் கூரைகளுக்கு மேலே, மேகம் போல, மெதுவாக ஆடிக்கொண்டு.

காலம் ஓடியது. பிளேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தது. என் மருமகள் அதில் உட்கார்ந்தாள். நொட்டாங்கைக்குத் தலை நரைத்தது, மூக்குக் கண்ணாடி ஏறியது, புதுப்புதுப் படம் போட்டோம். கைக்கு மட்டும் வயதாகவில்லை.

போன தேர்தலுக்கு முன்னால் ஒரு பிற்பகல் வந்து அதே கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவ என் கையப் போட்டு அடிடி."

"உங்க சித்தப்பா?"

"அப்புறம் பேசிக்கலாம்" என்றாள், அவர் குரலிலேயே. இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. "இத்தன வருஷத்துல ஒரே ஒரு ஆளாவது எனக்குன்னு ஓட்டுப் போட்டிருப்பாங்களா? எனக்குத் தெரிஞ்சாகணும்டி. தெரியாமப் போய்ச் சேர்ந்தா, நான்னு ஒருத்தி இருந்ததாவே ஆகாது."

மருமகள் கேமராவை எடுத்தாள். வெள்ளைத் துணிக்கு முன்னால் அவள் நின்று வலது கையைத் தூக்கினாள். சுண்டு விரல் தானாக வளைந்தது.

"விரல நீட்டுங்கம்மா" என்றாள் மருமகள்.

நீட்டினாள். கையைத் தூக்கினால் மறுபடி வளைந்தது. மறுபடி, மறுபடி. நான் போய் விரலைப் பிடித்து நிமிர்த்தினேன். விட்டவுடன் மடங்கிக்கொண்டது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ வாடகைக்கு வந்தவர்கள் வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது போல் இருந்தது அவள் முகம்.

"கம்ப்யூட்டர்ல நேராக்கிடலாம்மா" என்றாள் மருமகள் மெல்ல.

"அது இன்னொரு ஒட்டுதானே" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடி நொட்டாங்கை, இன்னொண்ணு சும்மாதானே தொங்குது? தூக்கேன் அத!"

அவள் என்னைப் பார்த்தாள். இடது கை எழுந்தது. மேடையில் தூக்கும் கை போல அது எழவில்லை. காதுக்குப் பக்கத்தில் தயங்கி, லேசாக நடுங்கி, டீச்சர் பார்த்துவிடுவாரோ என்பது போல் எழுந்தது. விரல்கள் ஐந்தும் நேராக இருந்தன. மருமகள் எடுத்துவிட்டாள்.

சுவரொட்டி வெளியான அன்று 'அப்புறம்' சித்தப்பா அச்சகத்துக்குள் புயலாக வந்தார். "இடது கை! எவனாவது நல்ல காரியத்துக்கு இடது கையத் தூக்குவானா? உனக்கு மூளை கலங்கிருச்சா?"

"எனக்கு எப்பவும் கலங்கலாத்தான் இருக்கும்" என்றேன். "அடிச்சது அடிச்சதுதான். வேணும்னா நீங்களே போய்க் கிழிச்சுக்குங்க."

எதிர்க்கட்சிக்கு அது அல்வா. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள் பேச்சாளர் இடது கையை நடுங்க நடுங்கத் தூக்கிக் காட்டுவார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். தெருப் பிள்ளைகள் அவள் காரைப் பார்த்தால் இடது கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். அவளும் விடாமல் இடது கையையே தூக்கினாள். தோற்றுப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவை.

மறுநாள் கட்சி ஆபீசில் ஈ ஓட்ட ஆளில்லை. காரும் காவலும் போய்விட்டன. மத்தியானம் நான் வாசலில் உட்கார்ந்து மெஷினின் மை உருளையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் தெரு தூங்கிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் அவள் வந்தாள், தனியாக, நடந்து. சுவரில் அவள் இன்னும் இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கீழே அவள் தலை குனிந்து நடந்தாள்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே வந்தார். நேராக நின்று இடது கையைத் தூக்கினார். எனக்குத் திக்கென்றது. பாவி, தோற்றவளைக் கேலி செய்கிறானே, உருளையாலேயே மண்டையைப் பிளக்கிறேன் என்று பாதி எழுந்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

எதிர்க்கடையில் சாவி செய்கிறவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், வலது கையில் ஈரத் துணியோடு, இடது கையைத் தூக்கினாள். மில் குடியிருப்பிலிருந்து வந்த ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூக்கினாள். தெரு முழுக்க, தூக்கத்தில் எழுந்து நிற்பவர்கள் போல, இடது கைகள். அவள் அப்பாவுக்கு இந்தத் தெருவில் யாரும் இடது கையைத் தூக்கியதில்லை. தாத்தாவுக்கும் இல்லை.

அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"பாத்தியாடி மைடப்பா?"

"குருடியா நான்? பாத்தேன்" என்றேன்.

என் கை இரண்டும் மை. முழங்கை வரை கறுப்பு. போனால் போகிறது என்று உருளையைக் கீழே போட்டுவிட்டு, நானும் இடது கையைத் தூக்கினேன்.