பூசணிக்காய் உடைந்த பிறகு

மணிகொண்டாவில் வாடகைக்கு எடுத்த வீட்டு வாசலில் மதியமே பூசணிக்காயை உடைத்துவிட்டார்கள். எங்கள் தெலுங்கு சினிமாவில் படப்பிடிப்பு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். கதாநாயகன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்போதே உடைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர் புல்லையா சௌத்ரி அவசரப்பட்டார். இயக்குநர் பட்டாபியோ அப்போது மாடியில் வெயில் சாய்வதற்காகக் காத்திருந்தார்.

கடைசி ஷாட் பாக்கி இருந்தது. ஓடிப்போன மகன் திரும்பி வருகிறான். தாய் அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துகிறாள். அந்தக் கதவுக்காகத்தான் முழுப் படமும் என்று எனக்குத் தோன்றும். உதவி இயக்குநராக இது எனக்கு முதல் படம், நான் தவறாகவும் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் வரிசையாக மூன்று படம் தோற்ற பட்டாபிக்கு இதுவும் போனால் அடுத்தது கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"உடைச்சாச்சு பட்டாபி. இனிமே இந்தப் படத்துக்கு கேமரா ஓடக் கூடாது. போன தடவை ஓடுச்சு, படம் ரெண்டு வருஷம் பெட்டிக்குள்ள தூங்குச்சு" என்றார் சௌத்ரி.

தாயாக நடித்த துர்காம்மா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "இந்தப் படத்துக்குத்தானே ஓடக் கூடாது? வேற படத்துக்கு ஓடலாமில்ல?"

பட்டாபி நிமிர்ந்து பார்த்தார். "புதுப் படத்துக்கு இப்பவே பூஜை போட்டுடலாம்."

"உன்னை வெச்சுப் படம் எடுக்க எவன்யா வருவான்?"

"நான் எடுக்கறேன் சௌத்ரி காரு. நீங்க வந்து கேமராவை முடுக்கி விடுங்க. பூஜைக்குக் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்வீங்களா?" என்றார் துர்காம்மா.

சௌத்ரியால் மறுக்க முடியவில்லை. வீட்டுக்காரரின் பூஜை அறையிலிருந்து வெங்கடேஸ்வரர் படம் வந்தது. தேங்காய் உடைந்தது. கேமராவில் கை வைத்த சௌத்ரி திரும்பினார்.

"முதல் ஷாட் என்ன?"

"கதவைச் சாத்தறது" என்றார் பட்டாபி.

"அடப்பாவி! பூஜை அன்னிக்கா? லட்சுமி வெளியவே நின்னுட மாட்டா?"

இம்முறை லைட்காரர்கள்கூட அவர் பக்கம் சேர்ந்தார்கள். துர்காம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பட்டாபி கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, திறக்கட்டும்" என்றார். "திறந்தா என்ன பண்ணுவீங்க துர்காம்மா?"

"எனக்கென்ன தெரியும்? திறந்து பார்த்தாத்தானே தெரியும்."

மகனாக நடித்த கதாநாயகன் போய்விட்டதால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நான் வெளியே நின்றேன். துர்காம்மா பார்ப்பதற்கு ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான். என் உருவம் கேமராவில் விழாது.

கதவு திறந்தது. தாழ்ப்பாளிலிருந்து அவர் கை இறங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தை. வெகுநேரமாகியும் 'கட்' கேட்கவில்லை. விடுவாரா, மாட்டாரா என்று நிஜமாகவே தெரியாமல் நின்றேன். பிறகு அவர் தோள் லேசாக ஒதுங்கியது.

என் கால் உள்ளே போய்விட்டது.

"கட்! உன்னை யாருடா உள்ள வரச் சொன்னது?" என்று கத்தினார் பட்டாபி.

"அம்மா வழி விட்டாங்க சார்..."

"விட்டாளா?"

அவர் மானிட்டரில் மறுபடி ஓட்டிப் பார்த்தார். கதாநாயகனின் சட்டை போட்ட என் தோள்பட்டை படச்சட்டத்துக்குள் நுழைவதை இன்னொரு முறையும் பார்த்தார்.

"விட்டுத்தான் இருக்கா" என்றார், அந்தச் சங்கதி தனக்கே இப்போதுதான் தெரிய வந்ததுபோல. "சௌத்ரி காரு, படம் முடிஞ்சிருச்சு."