தேவையற்ற குறி

கார்த்திகை மழை விட்டிருந்த அந்தக் காலையில், புன்னைத்திடல் அரசு நடுநிலைப்பள்ளியின் ஆறாம் வகுப்பில் ஒருவர் குறையாமல் இருபத்து மூன்று பிள்ளைகளும் வந்து அமர்ந்திருந்தனர். தமிழாசிரியை நீலாயதாட்சிக்கு அதுவே பெரிய நிறைவாக இருந்தது. மூன்று வாரங்களாக வீடு வீடாகச் சென்று, அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளையை மீன் ஏலக்கூடத்துக்கோ நிக்காஹ் வீட்டுக்கோ அழைத்துப் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் அவர்.

அன்று அடைவுத் தேர்வு. எல்லாப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புக்கும் ஒரே நாள், ஒரே வினாத்தாள். இந்த ஆண்டிலிருந்து விடையை எழுத வேண்டியதில்லை, நான்கு வட்டங்களில் ஒன்றைப் பேனாவால் நிரப்பினால் போதும். சென்ற ஆண்டு இப்பள்ளியின் சராசரி நூற்றுக்கு முப்பத்தொன்று. இந்த ஆண்டும் நாற்பதைத் தொடாவிட்டால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளை நகரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. நகரம் பேருந்தில் முக்கால் மணி நேரம். பள்ளி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மட்டுமே படிக்கின்ற பெண்பிள்ளைகள் இந்த வகுப்பில் பதினொருவர். அவர்கள் யார் யார் என்று கடிதம் எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீலாயதாட்சிக்குத் தெரியும்.

ஆகவே ஐந்து மாதங்களாக அவர் தமிழோடு கணக்கையும் அறிவியலையும் சேர்த்தே நடத்தினார். மாதிரித் தாளை நகலெடுத்து வட்டம் நிரப்பப் பழக்கினார். தேர்வுக்கு முதல் நாள் மாலை, வந்திருந்த விதிமுறைகளை மும்முறை உரக்கப் படித்தார். ஏழாவது விதி, விடைத்தாளில் தேவையற்ற குறி எதுவும் இடக்கூடாது என்பது.

"தேவையற்ற குறின்னா என்னங்க டீச்சர்?" என்று ராஜா கேட்டான்.

"பூ வரையிறது, கோடு கிறுக்குறது, பேனாவ உதறிப் பாக்குறது. அதெல்லாந்தான்."

"மை தீந்துபோச்சுன்னா உதறித்தானே டீச்சர் ஆவணும்?"

"உனக்கு எங்கேருந்து தீரும்?" என்றாள் பின்வரிசையிலிருந்து இஃபாத். "விடை தெரிஞ்சு வட்டம் போட்டாத்தானே மை செலவாவும்!"

வகுப்பு சிரித்து அடங்கும்வரை நீலாயதாட்சியும் சிரித்தார்.

தேர்வன்று அந்த வகுப்பின் ஆசிரியர் கூடத்துள் இருத்தலாகாது. கண்காணிப்பாளராக வேற்றூர்ப் பள்ளியிலிருந்து ஜெயபிரகாஷ் என்ற இளம் ஆசிரியர் வந்திருந்தார். நீலாயதாட்சி தாழ்வாரத்தின் கோடியில் நாற்காலியிட்டு அமர்ந்து, மனத்துக்குள் பதிகம் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை ஓதி, முடித்ததும் மீண்டும் தொடங்கினார்.

பன்னிரண்டு மணிக்கு மணியடித்தது. பூங்கொடிதான் முதலில் ஓடிவந்தாள். வகுப்பின் முதல் மாணவி. மீன் விற்கும் மதிவதனியின் மகள்.

"நாலே நாலுதான் டீச்சர் சந்தேகம். மீதி அம்பத்தாறும் தெரியும்."

அவள் சொன்னால் அது சரியாகவே இருக்கும். மற்ற பிள்ளைகளையும் விசாரித்து, விரல்விட்டுக் கூட்டிப்பார்த்தார். சராசரி ஐம்பதைத் தாண்டும் போலிருந்தது. நெஞ்சு நிறைந்து அவர் கைகூப்பிய வேளையில், ஜெயபிரகாஷ் வாசலில் வந்து நின்று மெல்ல அழைத்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. இதப் பாருங்க."

மேசைமேல் விடைத்தாள்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தாளின் மேல்விளிம்பிலும் சிறுசிறு கறுப்புக் கட்டங்கள் ஒரு வரிசையாக அச்சாகியிருந்தன. அக்கட்டங்களின் நடுவே, ஒன்றிரண்டின்மேல் படர்ந்தும், பூங்கொடியின் தாளில் ஒரு பிள்ளையார் சுழி. அடுத்ததில் ஒரு சுழி. அதற்கடுத்து இஃபாத்தின் தாளில் 786.

எழுதத் தொடங்குமுன் தாளின் தலையில் இறைவனை நினையாத பிள்ளை அவ்வகுப்பில் இல்லை. இந்துப் பிள்ளைகள் சுழியிடுவர். முஸ்லிம் பிள்ளைகள் தம் வீட்டு வழக்கப்படி, பிஸ்மில்லாஹ்வைக் குறிக்கும் அந்த எண்ணை இடுவர். "யாரை வேணும்னாலும் நெனச்சு எழுதுங்க, நெனைக்காம மட்டும் எழுதாதீங்க" என்பதே நீலாயதாட்சி அவர்களுக்குச் சொல்லிய முதற்பாடம். ஆகவே அவருக்கு முதலில் மகிழ்ச்சியே தோன்றியது. பதற்றத்திலும் பிள்ளைகள் மறக்கவில்லை.

"சாமி நெனச்சு எழுதியிருக்குதுங்க, சார்."

"அது தெரியுதுங்க. எங்க வீட்டுல மளிகைச் சீட்டுகூட அப்படித்தான் எழுதுவோம். ஆனா இந்தக் கட்டத்த வச்சுத்தான் மிஷின் தாளையே அடையாளம் காணும். இதுல மை பட்டா, தாள வெளிய தள்ளிடும்."

"எத்தன தாள்ல இருக்கு?"

"புரட்டிப் பாத்துட்டேங்க. இருவத்தி மூணுலயும்."

நீலாயதாட்சி தாள்களைத் தாமும் புரட்டினார். பயிற்சிக்கு அவர் எடுத்த நகல்களில் மேல்விளிம்புக் கட்டங்கள் விழவில்லை. அங்கு வெறும் வெண்மைதான் இருந்தது. அவ்வெண்மையில் பிள்ளைகள் ஐந்து மாதமும் குறியிட்டனர். அவரும் ஐந்து மாதமும் அதன்கீழ் மதிப்பெண் இட்டார்.

"அழிக்க முடியாதுங்களா?"

"பால்பாயிண்ட் பேனாங்க. வெள்ளை பூசினாலும் தள்ளும், சுரண்டினா கிழியும்."

"வேற தாள் குடுங்க. நான் காலுல வேணும்னாலும் விழுறேன். பிள்ளைங்க இங்கதான் நிக்கிது, பத்து நிமிஷத்துல பாத்து நிரப்பிடும்."

"அய்யோ, அப்படியெல்லாம் பேசாதீங்க டீச்சர். தலைக்கு ஒரு தாள், பேரோட அச்சாயி வந்துருக்கு. ரெண்டு மணி நேரமா நான் உள்ளதான் சுத்திவந்தேன். எழுதும்போதே கண்ணால பாத்தேங்க. எனக்கும் தப்பாவே தோணல. நானும் போட்டு வளந்தவந்தானே."

கண்காணிப்பாளரின் அறிக்கையில் குறிப்பு எழுதும் இடம் ஒன்று இருந்தது. நடந்ததை அவர் விரிவாக எழுதி, கையொப்பமிட்டு, உறையை அரக்கிட்டு மூடினார். வெளியே பிள்ளைகள் ஆரவாரித்துக்கொண்டிருந்தனர். நீலாயதாட்சி அவர்களிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் முடிவு வந்தது. தேர்வு எழுதியோர் 23. வாசிக்க இயலாத தாள்கள் 23. சராசரி சுழியம்.

நீலாயதாட்சி அன்றே நகரத்துக் கல்வி அலுவலகத்துக்குப் பேருந்தேறினார். அதிகாரி சேக் பரீது நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, முழுவதையும் கேட்டார்.

"யாராவது ஒருத்தர் தாளைக் கையில எடுத்துப் பாத்தாப் போதுங்க. வட்டமெல்லாம் சரியா இருக்கும்."

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா தாள் எந்த ஊருல இருக்குன்னே எனக்குத் தெரியாது. அந்த ஒருத்தர் யாருன்னு தெரிஞ்சா நானே போன் போட்டு மன்றாடுவேன். நம்பர்தான் இங்க வருது, மனுஷங்க வரமாட்டேங்கிறாங்க." கையை நீட்டி, "மனுவ வாங்கி வச்சுக்குறேன்" என்றார். அது எங்கும் போகாது என்பதை அவர் மறைக்கவில்லை.

வகுப்புகள் மூடப்பட்டு, மாற்றுச் சான்றிதழ் வழங்கும் நாளில் தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் தலைவலியென்று அறையைவிட்டு வரவில்லை. வகுப்பு மேசையில் நீலாயதாட்சியே அமர்ந்தார். மதிவதனி மீன்கூடையை வெளியில் இறக்கிவைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பூங்கொடியுடன் உள்ளே வந்தார்.

"டவுன் ஸ்கூல்ல சேத்துடுவீங்கல்ல?" என்று நீலாயதாட்சி கேட்டார்.

"எங்கங்க டீச்சர்! விடியக்காலம் மூணு மணிக்கே நான் மீனெடுக்கப் போயிருவேன். இத பஸ் ஏத்திவிட ஆரு இருக்கா? வீட்டுலயே கெடக்கட்டும். படிப்பு ஏறலன்னா என்ன பண்றது?"

"ஏறலன்னு யார் சொன்னா? அறுபதுக்கு அம்பத்தாறு போட்டவ இவ. தப்பு என்னோடது, மதிவதனி. மேல சுழி போடச் சொல்லிப் பழக்குனது நான். அதனாலதான் மிஷின் தாளை ஏத்துக்கல."

மதிவதனி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அந்த முகத்தில் இரக்கம் போன்ற ஒன்று வந்தது.

"சாமி பேரு எழுதுனதுக்கா மார்க்கு இல்லம்பாங்க? எங்கயாச்சும் நடக்குமாங்க அது? இவளக் காப்பாத்தத்தானே சொல்றீங்க." மகளின் பக்கம் திரும்பினார். "பாத்தியாடி. டீச்சரையே பொய் சொல்ல வச்சுட்ட."

"அம்மா, நான் ஒழுங்காத்தான்..."

"வாய மூடு."

"சத்தியமாச் சொல்றேன், மதிவதனி. நம்புங்க."

"ஒங்க மனசு எனக்குத் தெரியாதாங்க?"

மதிவதனி பதிவேட்டில் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்து, சான்றிதழை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கைகூப்பிவிட்டு வெளியேறினார். பூங்கொடி பின்னால் போனாள்.

வாசலில் அடுத்த தாய் காத்து நின்றிருந்தார்.