பத்தொன்பது நாள் கடிதம்

மதியச் சாப்பாடு முடிந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அக்கா வந்து இரண்டு கெட்டித்தாள்களை நீட்டினாள். "இதுல எங்கயோ பிழை இருக்கு. அது உன்னோடதா, எங்க அண்ணனோடதான்னுதான் தெரியல," என்றாள்.

அந்த அச்சகத்தில் அச்சு மைக்கு வேலை கிடையாது. பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் புத்தகங்கள்தான் அங்கே அச்சாகும். இயந்திரம் கெட்டித்தாளில் புள்ளி புள்ளியாகக் குத்துகிற சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால், பேச வேண்டியவர்கள் கை கழுவும் இடத்துக்கு வந்துவிடுவார்கள். அக்கா அங்கே மெய்ப்புப் பார்ப்பவள். பதினோரு வயதில் அவளுக்குப் பார்வை போயிற்று. இந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் விரலுக்குத் தப்பிய பிழை என்று ஒன்றை இதுவரை யாரும் காட்டியதில்லை.

டப்பா கழுவியவளுக்கு அங்கே வைத்த பெயர் வடிகட்டி. அவள் எழுதுவது ஃபில்டர்கள். ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் அனுப்புகிற கோப்புகள் ஆளுக்கொரு தினுசாக இருக்கும். ஒருவர் புது மென்பொருளில் அடித்திருப்பார், ஒருவர் யாரும் கேள்விப்படாத பழைய எழுத்துருவில். இன்னொருவர் பக்கங்களைப் படமாகவே பிடித்து அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வார். இயந்திரத்துக்கோ ஒவ்வொரு எழுத்துக் கட்டத்திலும் உள்ள ஆறு புள்ளிகளைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. நடுவில் நின்று, வந்த கோப்பு எந்த வகை என்று மோப்பம் பிடித்து, வேண்டாததைக் கழித்து, வேண்டியதைப் புள்ளிகளாக மாற்றித் தருகிற நிரல்தான் ஃபில்டர். வேலையில் சேர்ந்த புதிதில் அவள் இதை வீட்டில் விளக்கியபோது, வடிகட்டின முட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வடிகட்டுகிறவளையே கட்டிக்கொண்டது நான் ஒருத்தன்தான் என்றான் கணவன். அதை அவள் சும்மா இராமல் அலுவலகத்தில் வந்து சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு அந்த வேலையில் பிடித்ததே எது வேண்டும், எது வேண்டாம் என்கிற கேள்விதான். தடித்த எழுத்தை என்ன செய்வது? சிவப்பு நிறத்தில் உள்ள சொற்களைக் கவனி என்று பாடப்புத்தகம் சொன்னால், விரலுக்குச் சிவப்பு எது? இப்படி ஒரு சந்தேகம் வந்துவிட்டால் கிளம்பி அக்காவின் மேசைக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் ஒரு அடிக்கோட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து மேலாளர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அக்கா நீட்டியது அவளுடைய அண்ணன் அனுப்பிய கடிதம். கோப்பாக வந்ததை அவளே இயந்திரத்துக்கு அனுப்பி அச்செடுத்திருந்தாள். செல்போனே படித்துக் காட்டும்தான். ஆனால் அந்தக் குரல் எல்லாவற்றையும் ரயில் அறிவிப்பு மாதிரிப் படிக்கும், நான்கு வருடம் கழித்து அண்ணன் எழுதியதை அதன் வாயால் கேட்க வேண்டாம் என்று இருந்ததாம்.

நான்கு வருடத்துக் கதை வடிகட்டிக்கு அரைகுறையாகத் தெரியும். பெற்றோர் போனபின் அக்கா அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர் அவளுக்குச் சட்டை நிறம் முதல் செருப்பு அளவு வரை பார்த்துப் பார்த்துச் செய்தவர். முப்பத்தைந்தாவது வயதில் அவள், நான் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கப்போகிறேன், வேலைக்குப் பக்கத்தில் என்றாள். அவர் ஒரு வாரம் கத்தினார், பிறகு பேச்சை நிறுத்தினார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் ஒரு விஷயத்தை ரெண்டு தடவை சொல்ற ஆளே இல்ல. இதுல ஒண்ணையே மாத்தி மாத்தி மூணு தடவை எழுதியிருக்கான். ஒரு இடத்துல பாரு, 'கண் டாக்டரைப் பார்க்க ஒரு வேலையாக உங்கள் ஊருக்கு வருகிறேன்'னு இருக்கு. யாராவது இப்படி எழுதுவாங்களா?"

கோப்பைத் திறந்து பார்க்கலாமா என்று வடிகட்டி கேட்டாள். சொந்த விஷயமாயிற்றே என்று தயங்கித்தான் கேட்டாள். ஆனால் உள்ளுக்குள் கை பரபரத்தது. பார்த்துக்கொள், எனக்குப் பிழை எங்கே என்று தெரிய வேண்டும் என்றாள் அக்கா.

திரையில் திறந்தபோது கடிதம் பதினோரு வரிதான் இருந்தது. மரியாதையான, வெந்நீர் மாதிரி ருசியில்லாத பதினோரு வரி. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். பதினான்காம் தேதி ஒரு வேலையாக உங்கள் ஊருக்கு வருகிறேன். நேரம் இருந்தால் சந்திக்கலாம். அக்காவின் கையில் இருந்ததோ இரண்டு தாள் நிறைய.

கோப்பின் உள்பக்கத்தைப் பிரித்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அண்ணன் எழுதிய மென்பொருளில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் வசதி ஒன்று உண்டு. அலுவலகங்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தும்போது பயன்படுத்துவார்கள். அது அவருக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அழித்தது எதுவும் அழியவில்லை. அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு கோப்புக்குள்ளேயே கிடந்தது. திரையில் அது தெரியாது. அவளுடைய ஃபில்டரோ குறிப்பைக் கழித்துவிட்டு எழுத்தை மட்டும் அள்ளிக்கொண்டு வந்து புள்ளியாக்கியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவசரத்தில் எழுதிய ஒரு நிரல் வரி. அதை எழுதிய நாள்கூட அவளுக்கு நினைவிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்பியிருந்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அழிப்புக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. முதல் வரி எழுதிய நாளுக்கும் கடைசியாகத் திருத்திய நாளுக்கும் நடுவில் பத்தொன்பது நாள். ஒரு வாக்கியத்தை எழுதி, மறுநாள் அழித்து, நான்கு நாள் கழித்து அதையே மறுபடி எழுதி, ஐந்து நிமிடத்தில் மறுபடி அழித்திருந்தார். 'நீ தடுமாறித் திரும்பி வருவாய் என்று காத்திருந்தேன். நீ தடுமாறவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.'

அவள் திரையை அணைத்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது கணவனிடம் சொன்னாள். எழுதியவர் வேண்டாம் என்று அழித்ததை நாம் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டோம். எல்லாம் இயந்திரக் கோளாறு, இதுதான் சரியான கடிதம் என்று அந்தப் பதினோரு வரியைக் கொடுத்துவிட்டால் பாதியாவது மூடியதாகுமா என்று கேட்டாள். அவன் தட்டைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "நீ சொல்லாம இருந்தா உனக்குத் தூக்கம் வராது. உனக்கு வரலைன்னா என்னையும் விடமாட்ட. சொல்லித் தொலைச்சிரு," என்றான்.

மறுநாள் காலையில் இயந்திரம் ஓட ஆரம்பிக்கும் முன்பே அக்காவின் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிழை என்னுடையதுதான் அக்கா, நீங்கள் படித்ததில் பெரும்பங்கு அவர் அனுப்ப நினைத்தது இல்லை என்றாள். அக்கா உள்ளங்கையைத் தாள்மேல் வைத்தபடி கேட்டாள். கோபப்படுவாள் என்று வடிகட்டி நினைத்திருந்தாள். அக்காவின் முகத்தில் இருந்தது கோபமில்லை. கடினமான பக்கம் ஒன்று மெய்ப்புக்கு வரும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வாளே, அப்படிச் சாய்த்திருந்தாள்.

"எத்தனை நாளா எழுதியிருக்கான்?"

"பத்தொன்பது நாள்."

"பத்தொன்பது," என்று அக்கா திருப்பிச் சொன்னாள். பிறகு, "எது அழிச்சது, எது விட்டதுன்னு எனக்குத் தெரியணும். நீ படிச்சுக் காட்டாத. அச்சடிச்சுக் குடு," என்றாள்.

அழித்ததற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு முழுக் கட்டம், ஆறு புள்ளியும் எழும்பி நிற்பதாக, வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். விரலுக்கு அது வேலி மாதிரித் தட்டுப்படும். வடிகட்டி அன்று முழுவதும் அந்த ஃபில்டரை உட்கார்ந்து திருத்தினாள். மேலாளரிடமும் போய் ஒப்புக்கொண்டாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இந்த இரண்டு வருடத்தில் அச்சான புத்தகங்களில் வேறெங்கே இப்படி ஆகியிருக்கிறது என்று கேட்டார். தேடியதில் ஒன்பது கோப்புகள் அகப்பட்டன. அறிவியல் பாடம் ஒன்றில் ஆசிரியர் அழித்த தப்பான விளக்கமும் திருத்தி எழுதிய சரியான விளக்கமும் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன. மெய்ப்பில் எப்படித் தப்பியது என்று அக்காவைக் கேட்டார் மேலாளர். மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்தேன், பாடப்புத்தகம் குழப்புவது புதுசா என்றாள் அக்கா. ஒன்பதையும் திரும்ப அச்சடித்து அனுப்ப வேண்டியதாயிற்று.

புதிய அச்சை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனாள். மறுநாள் வந்ததும் கேட்காமலே சொன்னாள். 'எனக்கும் பார்வை குறைந்து வருகிறது, பக்கவாட்டில் ஒன்றும் தெரிவதில்லை, முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது' என்பது வேலிக்குள் இருந்தது. 'உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன்' என்பதும் வேலிக்குள்தான். 'நேரம் இருந்தால் சந்திக்கலாம்' என்பது வெளியே இருந்தது.

இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்று வடிகட்டி கேட்டாள். எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது என்றுதான் யோசிக்கிறேன் என்றாள் அக்கா. அவன் அனுப்பிய கடிதத்துக்கு எழுதினால், தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டும். அனுப்பாததற்கு எழுதினால், அவன் வெட்கத்தில் வராமலே இருந்துவிடுவான். "அவன் அழிச்சது பொய்யாயிடுமா? இல்ல அதுதான் நிஜமா? அழிச்சதுக்கு அப்புறமும் அவன் அதையே நினைச்சிட்டிருந்தானான்னு உன் கோப்புல இருக்காது, இல்ல?"

"இருக்காதுக்கா."

கடைசியில் அக்கா ஒரே வரிதான் எழுதினாள். பதினான்காம் தேதி அலுவலகத்துக்கே வா, மூன்று மணிக்கு நான் கிளம்பிவிடுவேன்.

அவர் இரண்டரைக்கே வந்துவிட்டார். வரவேற்பு அறையில் உட்கார்ந்திருந்தவரைக் கண்ணாடிக் கதவு வழியாக வடிகட்டி பார்த்தாள். இஸ்திரி கலையாத சட்டை, மடியில் ஒரு பெரிய மருத்துவமனை உறை, அதன் எழுத்துள்ள பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். வலது பக்கமாக வந்த தேநீர்க்காரர் இரண்டு முறை கேட்டபிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினார். அவருடைய பத்தொன்பது நாளைத் திருட்டுத்தனமாகப் படித்தவள் என்பதால் அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

அக்கா கைத்தடியோடு வந்தாள். அவர் எழுந்து நின்றார். எப்படி இருக்கே என்று கேட்டார்; நல்லா இருக்கேன்ணா என்றாள். வந்த வேலை முடிந்ததா என்று அவள் கேட்டதற்கு, முடிந்த மாதிரிதான் என்றார். உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பழைய பழக்கத்தில் அவள் தோளைப் பிடித்து முன்னே தள்ளிக்கொண்டு போகக் கை தூக்கினார், பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கிவிட்டார்.

வாசலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்து திடீரென்று அந்த வெளிச்சத்துக்குள் போனதும் அவர் படியின் விளிம்பில் நின்றுவிட்டார். ஒரு கால் லேசாக முன்னே போய், காற்றைத் தடவி, திரும்பி வந்தது. அக்கா ஏற்கெனவே ஒரு படி இறங்கியிருந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் வராததைக் கேட்டு நின்றாள். திரும்பவில்லை. முழங்கையை மட்டும் உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்தாள், யாராவது பிடித்துக்கொள்ள இடம் இருக்கும்படியாக.

அவர் அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை மெல்ல எழுந்து, அதற்கு நான்கு விரற்கடை தூரத்தில், வெயிலில் நின்றது.