புயலுக்கு எடுத்து வைத்த பெட்டி

பிஸ்கட் தகரத்தைத் தூக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று கிலோ கனக்க வேண்டியது ஒற்றைக் கையோடு எழும்பி வந்தது. மூடியின் விளிம்பைச் சுற்றி நான் ஒட்டிய அலுமினிய நாடாவை யாரோ உரித்துவிட்டு, தெரியாமலிருக்க மறுபடி அழுத்தி ஒட்டியிருந்தார்கள். திறந்தேன். அட்டை இருந்தது, அதன் மேல் சுற்றிய துணி இருந்தது, கன்ட்ரோலர் இல்லை. கூரையில் இருக்கும் சோலார் தகடுகளின் மின்சாரத்தை அளந்து பேட்டரிக்கும், பேட்டரியிலிருந்து மெஷின்களுக்கும் அனுப்பும் பெட்டி அது. எங்கள் தீவின் ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே மாற்றுப் பெட்டி. சுவரில் மாட்டியிருந்த பழையது கருகி, அறை முழுக்க நாறிக்கொண்டிருந்தது.

என் புருஷன் யோத்தேபா கதவருகே நின்றிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அது?"

"மாமா கேட்டாரு."

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு. புபுசியா கேட்டாரு, புரேயா. நான் என்ன பண்றது?"

புபுசி எங்கள் தீவுகளின் வழக்கம்; அந்த முறையில் ஒரு உறவுக்காரர் வாய்திறந்து கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். சட்டையைக் கேட்டால் கழற்றிக் கொடுக்க வேண்டும், படகைக் கேட்டால் துடுப்போடு கொடுக்க வேண்டும். மறுத்தவன் செத்த பிறகும் அவன் பிள்ளைகளை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் ஒன்றும் உத்தமி இல்லை. நான் ஓட்டுகிற மோட்டார் சைக்கிளே என் அண்ணனிடம் அப்படிக் கேட்டு வாங்கியதுதான். ஆனால் அண்ணன் கொடுத்தது அவனுடைய வண்டியை.

"அது உன்னோடதா? என்னோடதா? ஆஸ்பத்திரியோடதுடா!"

"அப்படிச் சொன்னா மறுத்த மாதிரி ஆயிடுமே."

அவனை அறைந்திருப்பேன். பக்கத்து அறையில் குழந்தை இருந்ததால் விட்டேன்.

என் தங்கை மெரியாவின் மகள் தாமோயா. ஒன்பது மாதம். நெஞ்சில் சளி கட்டி மூன்று நாளாக ஆக்சிஜன் மெஷினில் இருந்தாள். இப்போது மெஷின் நின்றுவிட்டது. நர்ஸ் ரூத்தி அவளைச் சிலிண்டருக்கு மாற்றியிருந்தாள். ஒரே சிலிண்டர். அஞ்சு மணி வரைக்கும் வரும், அதுவும் சந்தேகம் என்றாள். விமானம் செவ்வாய்க்கிழமைதான். அன்று சனி.

காலையில் ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். சூரியனிலிருந்து பெரிய புயல் கிளம்பியிருக்கிறது, மதியத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம், முன்னெச்சரிக்கையாக எல்லாத் தீவுகளிலும் சோலார் தகடுகளை நாளை வரைக்கும் பிரித்து வையுங்கள் என்று. தீவின் சோலார் வேலை எல்லாம் என் பொறுப்பு; அப்போது நான் தெற்கு ஊரில் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மெஷினுக்கு அன்றிரவு பேட்டரி போதும் என்று எனக்குத் தெரியும். வந்து பொறுமையாகத் தகடுகளைப் பிரித்திருப்பேன். யோத்தேபாவுக்குப் பொறுக்கவில்லை. பெண்டாட்டி ஊரில் இல்லை, நாமே ஆஸ்பத்திரியைக் காப்பாற்றிவிடுவோம் என்று ஓடி வந்திருக்கிறான். உச்சி வெயிலில் பேட்டரி கம்பியை முதலில் பிடுங்கியிருக்கிறான். முதலில் தகடு, அப்புறம்தான் பேட்டரி. மாற்றிச் செய்தால் தகடுகளின் மொத்த வேகமும் போக வழியில்லாமல் கன்ட்ரோலரின் தலையில் இறங்கும். இறங்கியது. அந்த நிமிடம் வரைக்கும் சூரியன் எங்களை ஒன்றுமே செய்யவில்லை.

என் மேலும் எனக்கு ஆத்திரம்தான். அந்த வரிசையைச் சுவரில் எழுதி வை என்று ரூத்தி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "நான் இருக்கேன்ல" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஆறு மாதம் தலைநகரில் போய்ப் படித்து வந்தவள் என்கிற திமிர். தீவில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் படிப்பில்தான் தகரத்தில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வாத்தியார். கருவியை அட்டையில் சுற்றி, இரும்புத் தகரத்துக்குள் வைத்து, இடுக்கில்லாமல் மூடி ஒட்டிவிட்டால் எந்த மின் அதிர்ச்சியும் உள்ளே போகாது என்றார். மின்னல், சூரியப் புயல் எல்லாம் சொல்லிவிட்டு, "வானத்தில் மிக உயரத்தில் ஒரு அணுகுண்டு வெடித்தாலும்கூட" என்றார். பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான், "யாரு சார் போடுவாங்க? மறுபடியும் நீங்கதானா?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் அப்பா கிரிஸ்மஸ் தீவில் கொப்பரை வெட்டப் போயிருந்தபோதுதான் வாத்தியாரின் நாட்டுக்காரர்கள் அங்கே அணுகுண்டை வெடிக்க வைத்துப் பார்த்தார்கள். முதுகைக் காட்டி உட்கார், கண்ணைப் பொத்திக்கொள் என்றார்களாம். அவ்வளவுதான் பாதுகாப்பு. எங்கள் அப்பாக்களுக்குத் தராத தகரத்தை இப்போது ஒரு பெட்டிக்குத் தரச் சொல்கிறார்களே என்று வயிறு எரிந்தது. இருந்தாலும் ஊர் வந்ததும் முதல் வேலையாகச் செய்து வைத்தேன். வானத்திலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் அந்தத் தகரம் போதும். உறவுமுறைக்குப் போதாது.

யோத்தேபாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாய்மாமா பாத்தேரா. பக்கத்துத் தீவிலிருந்து பாடகர் குழு வந்திருந்தது. மனியபாவில், அதுதான் எங்கள் ஊர்க்கூடம், விருந்து. தூரத்திலேயே ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. மாமா வீட்டுக் கூரையிலிருந்து கூடத்துக்குக் கேபிள் இழுத்திருந்தார்கள். வீட்டுச் சுவரில், நிழலாகப் பார்த்து, என்னுடைய கன்ட்ரோலர். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கூடத்தில் பெரியவர்கள் முன்னால் குனிந்துதான் நடக்க வேண்டும். குனிந்து போய் என் புருஷன் குடும்பத்துக்கு உரிய இடத்தில் உட்கார்ந்தேன்.

"வா மருமகளே! சாப்டியா? மீன் எடுத்து வைங்கடா இவளுக்கு." மாமா நல்ல மனுஷர். அதுதான் இன்னும் எரிச்சல்.

நடந்ததைச் சொன்னேன். பாட்டு நின்றது. குழந்தை என்றதும் மாமாவின் முகம் உண்மையாகவே மாறியது.

"அடடா. அவ்வளவுதானே? கேளு, குடுத்துடறேன். எல்லாரும் இருக்காங்க பாரு, வாய்திறந்து கேளு."

கூடம் முழுக்கத் தலையாட்டியது. எவ்வளவு பெரிய மனசு என்று விருந்தாளிகள் முணுமுணுத்தார்கள். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. நான் கேட்டால் அது அவருடைய பொருளாகிவிடும். இனி ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்குவது பாத்தேரா போட்ட பிச்சை. நாளைக்கு அவர் திரும்பக் கேட்டாலும் நான் கழற்றித்தான் கொடுக்க வேண்டும்.

"அது உங்களோடது இல்ல மாமா."

யோத்தேபா என் முழங்காலைப் பிடித்தான். "கேட்டுடு புரேயா. மணி மூணாகுது. உன் கால்ல விழறேன்."

தாமோயாவின் விலா எலும்புகள் உள்ளே இழுப்பது என் கண்ணில் நின்றது. சரி, கேட்கிறேன் என்று முடிவுசெய்தேன்.

"மாமா, இத்தனை பேர் முன்னால புபுசியா கேக்கறேன். அந்தப் பெட்டி மட்டும் இல்ல. கூரைமேல இருக்கிற ரெண்டு தகடு, கீழ இருக்கிற நாலு பேட்டரி, இந்தக் கேபிள், இந்த ரெண்டு ஸ்பீக்கர், வீட்டுக்குள்ள மீன் வெச்சிருக்கிற ஃப்ரீசர். எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வேணும்."

விருந்தாளிப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா என்னையே பார்த்தார்.

"ஸ்பீக்கர் எதுக்கும்மா ஆஸ்பத்திரிக்கு?"

"நீங்க கன்ட்ரோலர் கேட்டப்போ, எதுக்குன்னு யாராவது உங்களக் கேட்டாங்களா?"

ஸ்பீக்கர் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எடுத்துக்கோ" என்றார். குரல் சின்னதாக வந்தது. அவர் மனைவி எழுந்து உள்ளே போய் ஃப்ரீசரிலிருந்து மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் போட ஆரம்பித்தாள். போடும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

மாமாவின் மகன்கள் ஏணி வைத்தார்கள். நான் கத்தினேன். "முதல்ல தகடு! அப்புறம் பேட்டரி! சொல்லுங்கடா!" அவர்களைச் சொல்லவைத்தேன். யோத்தேபாவையும் சொல்லவைத்தேன். அவன் அழுதுகொண்டே சொன்னான். மாட்டும்போது தலைகீழ், முதலில் பேட்டரி, பிறகு தகடு என்று கூடத்தில் இருந்த பாடகர்கள் வரைக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்ததை ஆத்திரத்தில் கொட்டிவிட்டேன்.

நாலரைக்கு ஆக்சிஜன் மெஷின் திரும்ப இரைந்தது. சிலிண்டரின் முள் அதற்குள் சிவப்பில் இறங்கியிருந்தது. ரூத்தி குழாயை மாற்றினாள். நாங்கள் மூவரும் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீலம் மெல்லப் போனது. மெரியா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். புயல் வரும் என்று சொன்ன நேரம் இன்னும் தாண்டவில்லை. மதியத்திலிருந்து சார்ஜ் ஏறாத பேட்டரிக்கு மிச்சமிருக்கும் வெயிலாவது வேண்டும்; தகடுகளைப் பிரிக்காமல் விட்டேன். அது வந்தால் வரட்டும் என்றிருந்தது.

கை கழுவ வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே, தாழை மரத்தடியில், மாமாவின் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்டு, தேவாலயத்துக்குப் போகும் துணி உடுத்தியிருந்தார்கள். முன்னால் மாமாவின் மனைவி. யாரும் என்னைக் கூப்பிடவில்லை; புபுசி கேட்க வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

திரும்பி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஸ்க்ரூடிரைவர் இன்னும் கையிலேயே இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு போய் அவர்களுக்கு நேரெதிரே மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

"கேளுங்க அத்தை," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் பின்னால் நிற்கும் ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். சன்னல் வழியாக மெஷின் இரைவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஓலை விசிறியை எடுத்து, மீன் வாசத்துக்கு முழங்கையில் வந்து மொய்த்த ஈக்களை நிதானமாக ஓட்டினாள். அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை.